மக்டலீனும் கனடாப் பாணியும்

என் மனைவி மக்டலீனுக்குப் பொய் சொல்ல வராது. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. அந்த வாயோடு இவ்வளவு காலம் குடும்பம் நடத்தியவன் என்கிற எரிச்சலில் சொல்கிறேன். குருநகரில் எங்கள் சின்ன ஒழுங்கைத் தெருவில் கலியாணப் பெண்ணுக்குச் சேலை எடுபடவில்லை என்றால், அதை அந்தப் பெண்ணின் முகத்துக்கு நேரே சொல்பவள் இவள்தான். புதிதாக வந்த சுவாமியாரிடம் கோயில் வாசலில் வைத்து, "பிரசங்கம் நீண்டு போச்சுது சுவாமி, பின்வரிசை வாங்கிலை பாதிப்பேர் நித்திரை" என்றாள். சுவாமியார் சிரித்தார். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

விடிய எழும்பி இடியப்பம் அவித்து இரண்டு தேத்தண்ணிக் கடைகளுக்குக் கொடுப்பது அவள் தொழில். கொடுத்துவிட்டுச் சும்மா வரமாட்டாள். "உங்கடை சம்பலாலை என்ரை இடியப்பத்தின்ரை பேர் கெடுது" என்று சொல்லிவிட்டுத்தான் வருவாள். கடைக்காரர்கள் சம்பலைத் திருத்தினார்களே தவிர அவளை விடவில்லை. நான் கிறகோரி, நண்டு வலை போடுகிறவன். கரையில் எத்தனை பேர் என் நண்டை நல்ல நண்டு என்றாலும், வீட்டில் அவள் தூக்கிப் பார்த்து, "சதை இல்லை, கோது மட்டும்தான் கிடக்கு" என்றால் அன்றைக்கு அது வெறும் கோதுதான்.

இப்படிப்பட்டவள் ஒரு வருடமாக ஒரேயொரு பொய்யை விடாமல் சொன்னாள். அந்தப் பொய்யைத் தின்றவன் நான். பாணோடு தின்றேன், பிட்டோடு தின்றேன், மருந்தென்று சொல்லித் தந்தபோது குடிக்கவும் செய்தேன். இப்போது நினைத்தாலும் நாக்குத் தடிக்கிறது.

அவளுக்கு ஒரே தம்பி, லெனாட். இளவயதிலேயே கனடாவுக்குப் போனவன். தாய் செத்தபோது அவனால் வர முடியவில்லை. விசா அலுவல் ஒன்றும் அப்போது அவனுக்குச் சரிவரவில்லை. செத்தவீட்டுக்கு நடுவில் போன் எடுத்தான். சொந்தக்காரர் ஆளுக்கு ஆள் வாங்கி, "பரவாயில்லையடா, நீ என்ன செய்வாய்" என்றார்கள். கடைசியாக மக்டலீன் வாங்கினாள்.

"எனக்குப் பரவாயில்லை எண்டு சொல்லேலாது. அம்மா கண் மூடுமட்டும் உன்னைத்தான் கேட்டவ. அது உனக்குத் தெரிய வேணும்" என்றாள்.

அவன் போனை வைத்தான். அதற்குப் பிறகு வருடக்கணக்காக அவன் எடுக்கவில்லை. இவளும் எடுக்கவில்லை. ஆனால் மார்கழியில் நத்தாருக்கு வீடு வெள்ளையடிக்கும்போதெல்லாம் சுவரிலிருந்த, அவன் சின்னவயதில் கோயிலில் முதல்நன்மை வாங்கியபோது எடுத்த படத்தைக் கழற்றித் துடைத்து, கொஞ்ச நேரம் மடியிலேயே வைத்திருப்பாள். அந்த நேரம் பக்கத்தில் போனால் எனக்கு ஏச்சு விழும். தம்பி இல்லாமல் போனது அவளை உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்தது.

போன வருடம் வைகாசியில், கனடாவிலிருந்து லீவில் வந்த ஒரு பெண் வீடு தேடி வந்து இரண்டு போத்தில்களைத் தந்தாள். லெனாட் கொடுத்துவிட்டானாம். அவனுடைய வளவில் மேப்பிள் மரங்கள் நிற்கின்றனவாம். பனையில் பதநீர், எங்கள் பேச்சில் கருப்பணி, இறக்குவதுபோல அந்த மரத்தில் துளைபோட்டுச் சாறு எடுத்து, அதைக் காய்ச்சிப் பாணியாக்குவார்களாம். இது கடையில் வாங்கியதில்லை, அவனே காய்ச்சியது. எங்கள் மகள் றொசாந்தியின் போன் நம்பரையும் அந்தப் பெண் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள்.

வந்த ஞாயிறு பூசை முடிந்து வீட்டுக்குள் கால் வைக்கிறோம், றொசாந்தியின் போன் அடித்தது. "அக்கா" என்று ஒரு குரல். மக்டலீன் கதிரையில் இருந்து அழத் தொடங்கினாள். அந்தப் பக்கமும் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. எனக்கும் கண் கலங்கியது, ஏன் பொய் சொல்ல வேண்டும். கொஞ்சம் ஆறிய பிறகு அவன் கேட்டான்:

"அக்கா, பாணி குடிச்சுப் பாத்தனியே? எப்பிடி இருக்கு?"

போத்திலின் மூடிகூட இன்னும் திறக்கவில்லை. "தேன் மாதிரி இருக்கடா" என்றாள்.

பின்னேரம்தான் திறந்தோம். நான் பாண் துண்டு ஒன்றைத் தோய்த்து வாயில் வைத்தேன். முதலில் இனிப்பு. சரி, நல்லாய்த்தான் இருக்கிறது என்று விழுங்கப் போகையில் நாக்குத் தடித்தது. சவர்க்காரத் தண்ணீர் குடித்ததுபோல ஒரு வழுவழுப்பு, அதற்குப் பின்னால் ஒரு கசப்பு. அது தொண்டையை விட்டு இறங்கவில்லை. றொசாந்தி விரலால் தொட்டு நக்கிவிட்டு எழும்பிக் கிணற்றடிக்குப் போனாள். மக்டலீன் ஒரு கரண்டி நிறைய எடுத்து வாயில் விட்டாள். முகத்தில் ஒரு அசைவும் இல்லை.

"பிளேனிலை வந்த அலைச்சலாக்கும்" என்றாள்.

"பாணிக்கு என்ன அலைச்சல்? உது பழுது. கொட்டு."

"தம்பி காய்ச்சினது. கொட்டுறதெண்டால் முதல் என்னைக் கொண்டுபோய்க் கடலிலை கொட்டுங்கோ."

"அப்ப அவனுக்கு உள்ளதைச் சொல்லு. அடுத்தமுறை வடிவாக் காய்ச்சட்டும்."

"ஒருக்கா உள்ளதைச் சொல்லி நான் பட்டது காணும்" என்றாள். "திரும்பவும் அவன் போனை வைச்சானெண்டால் நான் செத்தாப் பிறகுதான் எடுப்பான்."

ஊரெல்லாம் வாய்க்கு வந்ததைச் சொல்லித் திரிகிறவள் இந்த ஒரு இடத்தில் பயந்துபோய் நின்றாள். பயம் அவளுக்கு, பாணி எனக்கு.

எங்கள் ஒழுங்கையில் ஒரு வழக்கம் உண்டு. வெளிநாட்டிலிருந்து ஒரு சாமான் வந்தால் நாலு வீட்டுக்குப் பங்கு போக வேண்டும். மக்டலீன் பழைய மருந்துப் போத்தில்களைக் கழுவி, பாணியை ஊற்றி வீடு வீடாகக் கொடுத்தாள். எல்லாரும் "அருமை" என்றார்கள். வெறும் போத்திலைத் திருப்பிக் கொடுக்கக் கூடாதென்று ஒருவர் நல்லெண்ணெய் விட்டுத் தந்தார், இன்னொருவர் மிளகாய்த்தூள் போட்டுத் தந்தார். நானும் ஒருவேளை எங்கள் வாயில்தான் பிழையோ என்று யோசித்தேன். பிறகு பக்கத்து வீட்டு வாழையடியில் கறுப்பாக ஏதோ ஊற்றிக் கிடப்பதைக் கண்டு, குனிந்து மணந்து பார்த்தேன். எங்கள் பாணிதான். எறும்பு மட்டும் சந்தோசமாக மொய்த்துக்கொண்டிருந்தது.

இதை வந்து சொன்னேன். அவளோ அடுத்த ஞாயிறு லெனாட்டிடம், "ஒழுங்கை முழுக்க உன்ரை பாணியைத்தான் கதைக்குது" என்றாள். அது உண்மைதான் என்று வைத்துக்கொண்டாலும், என்ன கதைத்தார்கள் என்று சொல்ல வேண்டாமா? இது எங்கள் சனத்தின் பெரிய வருத்தம். வெளிநாட்டிலிருந்து சேட் வந்தால் தோளில் இறங்காவிட்டாலும் "அளவாயிருக்கு" என்போம். சவர்க்காரம் கடித்தாலும் "நல்ல வாசம்" என்போம். அனுப்புகிறவன் பாவம், அதை நம்பி அதையே திரும்ப அனுப்புவான்.

அப்படியே நடந்தது. ஆவணியில் கப்பலில் ஒரு பெட்டி வந்தது. தூக்க முடியாத பாரம். பால்மா இருக்கும், ரின்மீன் இருக்கும், றொசாந்திக்கு ஒரு நல்ல சப்பாத்து இருக்கும் என்று நான் ஆசையாக வெட்டித் திறந்தேன். பழைய துவாய்களில் சுற்றிச் சுற்றிப் போத்தில்கள். றொசாந்தி எண்ணத் தொடங்கினாள். எண்ண வேண்டாம் என்றேன்.

அன்றிலிருந்து எங்கள் குசினி ஆராய்ச்சிக்கூடமானது. பிட்டும் வாழைப்பழமும் வைத்து அதன்மேல் பாணி விட்டாள். பிட்டு வீணானது. பிளேன்ரீக்குச் சீனிக்குப் பதிலாக விட்டாள். சாயம் மண்ணிறமாகிக் கலங்கியது, நான் வாசலில் கொப்பளித்தேன். இஞ்சி இடித்து, மிளகு போட்டு, பாணி விட்டுக் காய்ச்சி, "உங்கடை இருமலுக்கு நல்லது" என்று தந்தாள். அன்றைக்கு எனக்கு இருமல் இல்லை. குடித்த பிறகு வந்தது.

ஒரு ஞாயிறு அவன் வீடியோவில் வந்து, தான் காய்ச்சுகிற அடுப்பையும் வாளிகளையும் காட்டினான். மனிதன் நன்றாக மெலிந்திருந்தான். வயது போகிறதுதானே என்று நினைத்துக்கொண்டேன்.

"கருப்பணி முட்டிக்குச் சுண்ணாம்பு பூசுறவை எல்லோ அத்தான், புளிக்காமல் இருக்க" என்றான் என்னைப் பார்த்து. "நானும் வாளி எல்லாத்துக்கும் நல்லாப் பூசினனான். தமிழ்க் கடையிலை வெத்திலைச் சுண்ணாம்பு இருக்கு. இஞ்சத்தை வெள்ளையளுக்கு உந்த வேலை தெரியாது. நாப்பது வாளி வத்தித்தான் ஒரு வாளி பாணி வரும், அவ்வளவு பாடு."

பனி கொட்டுகிற நாட்டில் சாறு ஏன் புளிக்கப் போகிறது? கருப்பணி காய்ச்சுகிறவர்கள் சுண்ணாம்பைத் தெளியவிட்டு வடித்துவிட்டுத்தான் அடுப்பில் வைப்பார்கள். நாங்கள் கடல் ஆட்கள், எங்கள் வீட்டில் யார் பனை ஏறினார்கள்? தூரத்தில் நின்று பனையில் கட்டிய முட்டியைப் பார்த்ததை வைத்துக்கொண்டு இவன் நாற்பது வாளிச் சுண்ணாம்பையும் ஒரு வாளிக்குள் வற்றக் காய்ச்சியிருக்கிறான். "எடேய் தம்பி" என்று நான் வாயைத் திறந்தேன். மக்டலீன் என் தொடையைக் கிள்ளினாள். இடியப்ப உரல் பிழிகிற விரல். அந்தக் கண்டல் ஒரு கிழமை கிடந்தது.

காரணம் தெரிந்ததும் அவளுக்குப் புது நம்பிக்கை வந்துவிட்டது. சுண்ணாம்பை முறிக்கப் புளி விட்டால் சரி என்றாள். தேசிக்காய் பிழிந்தாள். வழுவழுப்புக் கொஞ்சம் குறைந்தது, கசப்பு அப்படியே நின்றது. பழப்புளி கரைத்து, தூள் போட்டு, பாணியும் விட்டு மீனில் பூசிப் பொரித்தாள். நான் விடிய எழும்பிப் பிடித்த நல்ல ஒட்டி மீன். சட்டியில் கரியாகப் பிடித்தது. பூனைக்கு வைத்தேன். அது மணந்து பார்த்து, என்னையும் பார்த்துவிட்டுப் போனது.

"மீனையாவது விடு" என்று கத்தினேன். "பாணிதான் பழுதெண்டால் நல்ல சாமானையும் ஏன் பழுதாக்கிறாய்?"

"ஏதோ ஒண்டுக்கு உதவும்" என்றாள். "அவன் கேக்கேக்கை உண்மையா ஒண்டு சொல்ல வேணும் எனக்கு. இதுக்குப் பாவிச்சனாங்கள், நல்லா வந்ததெண்டு ஒண்டாவது."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. இவள் பாணிக்குப் பிரயோசனம் தேடவில்லை. தன் பொய்யில் ஒரு துண்டையாவது உண்மையாக்கப் பார்க்கிறாள். விளங்கிய பிறகும் கோபம் போகவில்லை. மீன் மீன்தானே.

கருவாடு காயப்போடும் இடத்தில் ஒரு பேணியில் பாணி வைத்தால் கருவாட்டில் மொய்க்கிற இலையான் அதில் போய் விழும் என்றாள். விழுந்தது. ஆனால் குருநகர் இலையான் முழுக்க எங்கள் முற்றத்துக்கு வந்தது. பேணியில் விழுந்தது கொஞ்சம், கருவாட்டில் இருந்தது மிச்சம். பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேலால் ஏசினாள். நத்தாருக்குத் தொதல் கிண்டினாள். தேங்காய்ப்பாலும் அரிசிமாவும் முந்திரிப்பருப்பும் போட்டு, சர்க்கரைக்குப் பதில் இந்தப் பாணி. எனக்குக் கை விட்டுப்போகும்வரை கிண்டினேன். ஆற வைத்து வெட்டினால் பார்வைக்குப் பளபளவென்று இருந்தது. நத்தாருக்கு வந்தவர்கள் ஒரு துண்டு எடுத்துக் கடித்துவிட்டு, மிச்சத்தைக் கைக்குள் பொத்திக்கொண்டு போனார்கள். தவக்காலம் வந்தபோது நான் சுவாமியாரிடம், இந்த வருடம் எனக்குத் தவம் வேண்டாம், வீட்டிலேயே நடக்கிறது என்று சொன்னேன்.

உயிர்த்த ஞாயிறன்று லெனாட் எடுத்தான். நல்ல சந்தோசத்தில் இருந்தான். அவனுடைய மகள் நிரோஜாவுக்கு ஆடியில் கலியாணம். அந்த நாட்டில் கலியாணத்துக்கு வருகிறவர்களுக்குச் சின்னதாக ஒரு பரிசு கொடுத்து அனுப்புவார்களாம்.

"நான் என்ன செய்யப்போறன் தெரியுமே அக்கா? இந்த வருசம் காய்ச்சின பாணியைச் சின்னப் போத்திலுகளிலை விட்டு, பிள்ளையளின்ரை பேர் ஒட்டி, வாற எல்லாருக்கும் குடுக்கப்போறன். மாப்பிள்ளை வீட்டாக்களுக்குப் பெரிய போத்தில். நீ நல்லாயிருக்கெண்டு சொன்ன துணிவிலைதான்."

மக்டலீன் "ஓம்" என்றாள். போனை றொசாந்தியிடம் கொடுத்துவிட்டுக் குசினிக்குள் போனாள்.

அந்தக் கிழமை அவளுக்கு ஒன்றும் ஒழுங்காக நடக்கவில்லை. இடியப்பத்துக்கு உப்பைப் போட மறந்து, கடைக்காரர் தட்டோடு திருப்பி அனுப்பினார். அவளுடைய தொழிலில் அப்படி நடந்ததேயில்லை. நான் விடவில்லை.

"சபையிலை வைச்சு மாப்பிள்ளை வீட்டார் வாயிலை வைச்சுத் துப்பப்போகினம். பொம்பிளையின்ரை தகப்பன் அண்டைக்கு எங்கை போய் முகத்தை வைக்கிறது?"

"தெரியும்."

"தெரிஞ்சால் சொல்லு."

"சொன்னால் அவன் போயிடுவான்" என்றாள். "அம்மாவும் இல்லை. எனக்கெண்டு அவன் ஒருத்தன்தான் இருக்கிறான். உங்களுக்கு உது விளங்காது, உங்களுக்கு நாலு அண்ணைமார்."

எனக்கு விளங்கியது. அதனால்தான் மேலும் எரிச்சல் வந்தது. சொன்னால் தம்பி இல்லை. சொல்லாவிட்டால் தம்பிக்கு மானம் இல்லை. அப்படியென்றால் நான் சொல்கிறேன் என்றேன். "நீங்கள் வாய் திறக்கக் கூடாது" என்றாள். "சொல்லுறதெண்டால் நான்தான் சொல்ல வேணும்."

ஞாயிறு வந்தது. அவன் முகம் போனில் தெரிந்தது. சுகம் விசாரிக்கக்கூட அவள் விடவில்லை.

"லெனாட், உந்தப் பாணியைக் கலியாணத்துக்குக் குடுக்காதை."

"ஏனக்கா?"

"அது நல்லாயில்லை. சுண்ணாம்பு. வாயிலை வைக்கேலாது. முதல் போத்திலிலையிருந்தே அப்பிடித்தான். நான் பொய் சொன்னனான்."

அவன் போனை எங்கேயோ வைத்துவிட்டான். முகம் போய், ஒரு வெள்ளைக் கூரை மட்டும் தெரிந்தது. மக்டலீன் என் கையைப் பிடித்தாள். வைத்துவிட்டான், இனி எடுக்கமாட்டான் என்றுதான் நானும் நினைத்தேன். பிறகு குரல் வந்தது.

"எவ்வளவு மோசம் அக்கா?"

"பூனை மணந்து பாத்திட்டுப் போகுது."

அவன் சிரித்தான். சிரிப்பு நடுவில் உடைந்தது.

"எனக்கு ருசி தெரியாதக்கா. தொண்டையிலை ஒரு கட்டி வந்தது. டொக்டர்மார் அதுக்குக் கறண்ட் பிடிச்சவங்கள், கதிர் வைத்தியம். கட்டி போயிட்டுது, ஆனால் அதோடை நாக்குச் செத்துப்போச்சு. எனக்குச் சோறும் மண்ணும் ஒண்டுதான். பிள்ளையளிட்டை பாணியைக் குடுத்தால் சுப்பர் அப்பா எண்டுதுகள். மனிசியும் நல்லாயிருக்கெண்டுது. வருத்தக்காரன் மனம் நோகக் கூடாதெண்டு சொல்லுதுகள். எனக்கு உது தெரியாதே? அதுதான் உனக்கு அனுப்பினனான்."

"எனக்கோ?"

"அம்மாவின்ரை செத்தவீட்டண்டு எல்லாரும் பரவாயில்லை எண்டேக்கை, நீ ஒராள்தானே உள்ளதைச் சொன்னனி. எனக்குக் கோபம்தான். கனகாலம் கோபம். ஆனால் ஆசுப்பத்திரியிலை கிடக்கேக்கை யோசிச்சுப் பாத்தன், என்னோடை பொய் கதைக்காத ஆள் நீ ஒருத்திதான். நீ நல்லாயிருக்கெண்டு சொன்னபடியால்தான் பெட்டி அனுப்பினன். அக்கா சொன்னால் சரியாத்தான் இருக்கும் எண்டு."

மக்டலீன் வாயைத் திறந்தாள். அவளைக் கட்டிய நாளிலிருந்து அவளுக்குச் சொல் இல்லாமல் போனதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். அவன், "பரவாயில்லையக்கா, பிறகு எடுக்கிறன்" என்று சொல்லி வைத்தான்.

நான் கொஞ்ச நேரம் அவன்மேல்தான் கோபப்பட்டேன். இந்தக் கதையை முதல் நாளே சொல்லியிருந்தால் நான் ஒரு வருடம் இந்தப் பாடு பட்டிருக்க வேண்டாம் என்று சத்தம் போட்டேன். அவள் காதில் விழவில்லை. கதிரையிலேயே இருந்தாள்.

"இத்தனை வருசமும் அவன் என்னோடை கதைக்கேல்லை எண்டு அழுதன்" என்றாள். "இப்ப ஒரு வருசமா ஞாயிறு ஞாயிறா போனைப் பிடிச்சுக்கொண்டு இருந்தும், நான்தான் அவனோடை கதைக்கேல்லை."

தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். குடித்தாள். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு றொசாந்தியைக் கூப்பிட்டாள்.

"மாமாவுக்கு எடுத்துத் தா."

இந்த ஒரு வருடத்தில் அவளாக அவனுக்கு எடுத்தது அதுதான் முதல் தடவை. அவன் முகம் தெரிந்ததும், கடைக்காரரையும் சுவாமியாரையும் என்னையும் ஏசுகிற அதே குரலில் தொடங்கினாள்.

"டேய், மெலிஞ்சுபோய்க் கிடக்கிறாய். ஒழுங்காச் சாப்பிடுறியோ இல்லையோ? உள்ளதைச் சொல்லு."